வடசென்னையில் முதல் வீடு வாங்குதல்

வடசென்னையில் முதல் வீடு வாங்குதல் என்பது இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் சொந்த வீட்டை முதன்முறையாக விலைக்கு வாங்கும்போது ஏற்கும் செலவுகளையும் எடுக்கும் கடன் முடிவுகளையும் குறிக்கும். வீட்டின் விலை இச்செலவின் ஒரு பகுதி மட்டுமே ஆகும். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், கடனுக்கான வட்டி ஆகியவை அதனுடன் சேர்கின்றன. நிலத்தின் பத்திரம் தெளிவாக உள்ளதா, வாங்குபவரிடம் வருமானச் சான்று உள்ளதா என்னும் இரண்டு கேள்விகளே வங்கிக் கடன் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

பகுதியும் மக்களும்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கடற்கரையை ஒட்டி இப்பகுதி நீள்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இதன் தென்பகுதியில் உள்ளது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1940-களின் இறுதியில் எண்ணூரில் அமைந்த அசோக் மோட்டார்ஸ் (பின்னர் அசோக் லேலண்ட்), 1950-களில் திருவொற்றியூரில் அமைந்த என்ஃபீல்டு இந்தியா ஆகியவை இங்கு மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர் குடும்பங்களை உருவாக்கின. மீனவர், சுமைப்பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், சிறுகடைக்காரர் முதலியோர் அவர்களுக்கு அருகிலேயே வாழ்கின்றனர். ஒரே தெருவில் வாழ்ந்து ஏறத்தாழ ஒரே அளவு ஈட்டினாலும், சம்பளச் சீட்டு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் கிடைக்கும் கடன் வேறுபடுகின்றது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ தொடருந்துப் பாதை 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் பின்னர், நிலையத்திலிருந்து உள்ள தொலைவும் வீட்டு விலை பேசும்போது கருதப்படும் ஒன்றாயிற்று.

கடன் வழங்கும் அமைப்புகளின் வரலாறு

உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி நகை, வீடு ஆகியவற்றின் பேரில் கடன் கொடுக்கும் 'நிதி' என்னும் அமைப்பு சென்னையில் பழமையானது. 1872-இல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி இதற்கு எடுத்துக்காட்டாகும். வடசென்னையில் கொடுங்கையூரிலும், நகரின் மேற்கே அரும்பாக்கம், வில்லிவாக்கம் ஆகிய இடங்களிலும் 1970-களின் பிற்பகுதியில் உலக வங்கியின் உதவியுடன் சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அடிப்படை வசதிகள் செய்யப்பட்ட மனைகள் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குத் தவணை முறையில் விற்கப்பட்டன. முழு வீட்டையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாதோர் மனையை முதலில் பெற்றுச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொள்ள இத்திட்டம் வழிசெய்தது.

ஆவணங்களை ஒப்படைத்துப் பெறும் அடமானம்

வீட்டுக் கடனில் பெரும்பாலும் வீட்டின் மூலப்பத்திரங்கள் வங்கியிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இது உரிமை ஆவண ஒப்படைப்பு அடமானம் எனப்படும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இவ்வகை அடமானத்தை அனுமதித்த நகரங்களாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகியவற்றைப் பெயர் குறித்துச் சொன்னது. அடமானம் இருக்கும்வரை வீட்டில் குடியிருப்பது உரிமையாளரே. பத்திரங்கள் மட்டும் வங்கியில் இருக்கும். இந்த ஒப்படைப்பைப் பதிவு செய்வதற்கும் தனியே முத்திரைத் தீர்வையும் கட்டணமும் உண்டு.

கடன் முழுவதும் அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2023-இல் கடன் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

விலைக்கு மேல் வரும் செலவுகள்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை செலுத்தப்படுகின்றது. பதிவுக் கட்டணம் 2017 சூன் மாதத்தில் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 2023 ஏப்ரலில் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உண்மையான விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன் மீது இவை கணக்கிடப்படும்.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முதல் விற்பனைக்கு, நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை 2023 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 50 இலட்சம் ரூபாய் வரையிலான புதிய குடியிருப்புக்கு முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு ஆகும். ஆகவே 30 இலட்சம் ரூபாய்க்குப் புதிய குடியிருப்பு வாங்குபவர் பதிவுக்காக 1.80 இலட்சமும், அதே விலைக்குப் பழைய குடியிருப்பு வாங்குபவர் 2.70 இலட்சமும் செலுத்த வேண்டும்.

கட்டுமானத்தில் உள்ள குடியிருப்புக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து இது பொதுவாக 5 விழுக்காடு, குறைந்த விலை வீடுகளுக்கு 1 விழுக்காடு என விதிக்கப்படுகின்றது. நிறைவுச் சான்றிதழ் பெற்றபின் விற்கப்படும் வீட்டுக்கு இவ்வரி இல்லை. வழக்கறிஞரின் சட்டக் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், கடன் பரிசீலனைக் கட்டணம், தரகு ஆகியவை ஏனைய செலவுகளாகும்.

கடன் தொகையும் சொந்தப் பங்கும்

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி 30 இலட்சம் வரையிலான கடன் வீட்டின் மதிப்பில் 90 விழுக்காட்டையும், 30 முதல் 75 இலட்சம் வரையிலான கடன் 80 விழுக்காட்டையும், அதற்கு மேற்பட்டது 75 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. இவை உச்ச வரம்புகளே. வங்கி இதற்குக் குறைவாகவும் கொடுக்கலாம். 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேர்க்கப்படுவதில்லை. அவற்றை வாங்குபவர் தம் கையிலிருந்தே செலுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 30 இலட்சம் ரூபாய்ப் பழைய வீட்டுக்கு வங்கி 24 இலட்சம் கொடுத்தால் வாங்குபவரின் பங்கு 6 இலட்சமாகத் தோன்றும். பதிவுச் செலவு 2.70 இலட்சத்தைச் சேர்த்தால் அது 8.70 இலட்சமாகும். தரகும் பிற கட்டணங்களும் சேரும்போது 9 இலட்சத்தை எட்டும் அல்லது தாண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கிடாமல் அச்சாரம் கொடுத்தவர்கள், பதிவு நாள் நெருங்கும்போது நகையை அடகு வைப்பதோ ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பதோ கூடுதல் வட்டிக்குக் கைமாற்று வாங்குவதோ உண்டு. அக்கடன்களின் தவணையும் வீட்டுக் கடன் தவணையும் ஒரே நேரத்தில் வருவதே முதல் ஆண்டுகளின் நெருக்கடிக்குப் பெரும் காரணமாகின்றது.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டித் தீர்வையை மிச்சப்படுத்தும் வழக்கம் கடனையும் பாதிக்கின்றது. ஆவணத்தில் உள்ள தொகையை ஒட்டியே வங்கி கடன் தருவதால், மீதியை ரொக்கமாகத் திரட்ட வேண்டியதாகின்றது. முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவின் கீழ் குறை மதிப்பு விசாரணையும் வரக்கூடும்.

காலமும் வட்டியும்

24 இலட்சம் ரூபாய்க் கடனை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 20,830 ரூபாய் ஆகும். முதல் மாதத்தில் இதில் 17,000 ரூபாய் வட்டிக்கே செல்கின்றது. 20 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 50 இலட்சம். இதே கடனை 15 ஆண்டுகளில் அடைத்தால் தவணை ஏறத்தாழ 23,630 ரூபாயாகவும் மொத்தம் 42.5 இலட்சமாகவும் இருக்கும். மாதம் 2,800 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவதால் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட வட்டி மிச்சமாகின்றது. எனினும் மீன்பிடித் தடைக்காலம், ஒப்பந்த வேலை இடைவெளி ஆகியவற்றால் வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்திற்குக் குறைந்த தவணையே பாதுகாப்பானதாக இருக்கலாம். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்குவதை ரிசர்வ் வங்கி 2012-இல் வங்கிகளுக்குத் தடை செய்தது. ஆகவே நீண்ட காலத்திற்குக் கடன் பெற்று, கையில் பணம் சேரும்போது அசலைக் குறைப்பதும் ஒரு வழியாகும்.

2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட்டுள்ளன. 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டி, 2022 மே முதல் உயர்த்தப்பட்டு 2023 பெப்ரவரியில் 6.5 விழுக்காட்டை எட்டியது. 7 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு 24 இலட்சம் பெற்றவரின் தவணை ஏறத்தாழ 18,600 ரூபாய். கடனின் தொடக்க காலத்திலேயே வட்டி 9.5 விழுக்காடானால் ஒரு மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 19,000 ரூபாய் ஆகிவிடும். தவணையை மாற்றாமல் விட்டால் கடன் குறைவதற்கு மாறாக வளரும். இந்நிலையைத் தவிர்க்க வேண்டும் என்றும், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டிப்பதா என்னும் தேர்வைக் கடன் பெற்றவருக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஆகத்தில் அறிவுறுத்தியது.

பத்திரச் சிக்கல்கள்

திருவொற்றியூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்து, 2018-இல் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. இதனால் ஒரே மனையின் அடுத்தடுத்த பத்திரங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயர்கள் காணப்படலாம். சர்வே எண்ணும் நான்கெல்லையும் எல்லாப் பத்திரங்களிலும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், வில்லங்கச் சான்றிதழை நீண்ட காலத்திற்குப் பெறுவதும் இங்கு முதன்மையானவை.

கோயில் நிலத்தையோ புறம்போக்கையோ வாங்குவது மற்றொரு சிக்கலாகும். பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-அ பிரிவு, உரிய அனுமதியின்றிக் கோயில் நிலங்களைப் பதிவு செய்வதைத் தடுக்கின்றது. இத்தகைய நிலத்தில் பல தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்பவருக்கும் கட்டடம் மட்டுமே சொந்தமாக இருக்கலாம். 1921-ஆம் ஆண்டின் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பிய வாடகைதாரர் அந்நிலத்தை வாங்க நீதிமன்றத்தை நாட வழிசெய்தது. எனினும் சமய நிறுவனங்களின் நிலங்களுக்குப் பிற்காலத் திருத்தம் விலக்களித்தது. நில உரிமை இல்லாத வீட்டை வங்கிகள் பொதுவாக ஈடாக ஏற்பதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பிரிபடாத நிலப்பங்கின் அளவும், கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி உள்ளதா என்பதும் பார்க்கப்படும். 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இன்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடுக்கின்றது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அல்லது எட்டுக் குடியிருப்புகளுக்கு மேற்படாமல் அமையும் திட்டங்கள் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. சிறு மனைகளில் எழும் கட்டடங்களை வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடல் அரிப்பும் வெள்ளமும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா கடற்கரை விரிய, வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரிப்பு ஏற்பட்டு நிலமும் வீடுகளும் அழிந்தன. பின்னர் இக்கரையில் கற்சுவர்களும் கடலுக்குள் நீளும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் எண்ணெய் கலந்த நீர் பரவி, வீடுகளும் படகுகளும் பாதிக்கப்பட்டன. 20 ஆண்டுக் கடனில் வாங்கும் வீடு அக்காலம் முழுவதும் குடியிருக்கத் தக்கதாக இருக்குமா என்பதும் செலவுக் கணக்கின் பகுதியாகும்.

அரசு உதவிகள்

2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் முதற்கட்ட வட்டி மானியம் 2022 மார்ச்சில் முடிவுற்றது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 இலட்சத்திற்கு மேற்படாத, நாட்டில் எங்கும் நிலையான சொந்த வீடு இல்லாத குடும்பங்களுக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 இலட்சத்தையும் கடன் 25 இலட்சத்தையும் தாண்டக் கூடாது. மானியத்தின் உச்ச அளவு 1.80 இலட்சம் ரூபாய். வருங்கால வைப்பு நிதியில் உள்ள தொழிலாளர்கள் வீடு வாங்க அதிலிருந்து பணம் பெறலாம்.

தவணை தவறினால்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கடன் செயற்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படும். அதன்பின் சர்ஃபாசி எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிமன்ற வழக்கின்றியே 60 நாள் அறிவிப்பு கொடுத்து வீட்டைக் கைப்பற்ற வங்கி நடவடிக்கை எடுக்கலாம். கைப்பற்றும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட இயலும். தவணை தவறும் முன்னரே வங்கியை அணுகிக் காலநீட்டிப்புக் கோருவது, வழக்குக்குப் பின் கோருவதை விட எளிதாகும்.

போக்கியம்

வங்கிக் கடன் கிடைக்காத குடும்பங்கள் பல போக்கியத்தை நாடுகின்றன. சென்னைப் பேச்சுவழக்கில் இது லீசு எனப்படுகின்றது. ஒரு பெருந்தொகையை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்து, குறித்த காலம் வாடகையின்றிக் குடியிருந்து, காலமுடிவில் அத்தொகையைத் திரும்பப் பெறுவது இம்முறையாகும். இதில் சேமிப்பு கரையாமல் இருக்கின்றது. ஆனால் வீடு சொந்தமாவதில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாதபோதும், அவ்வீடு முன்னரே வங்கியில் அடமானத்தில் உள்ளபோதும், கொடுத்த தொகையை மீட்பது கடினமாகலாம். எனவே போக்கியத்திற்கும் வில்லங்கச் சான்றிதழ் பார்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

திருவொற்றியூர்
எண்ணூர்
வில்லங்கச் சான்றிதழ்
அடமானம்