உடல் நிறை குறியீட்டெண்: ஓர் அளவுகோலின் வரலாறு

உடல் நிறை குறியீட்டெண் என்பது ஒருவரின் எடையை (கிலோகிராம்) அவரது உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுக்கும்போது கிடைக்கும் எண் ஆகும். பேச்சு வழக்கில் இது பி.எம்.ஐ. எனப்படுகிறது. 165 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு இந்த எண் 23.5 ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பின்படி (18.5 முதல் 24.9 வரை) அவர் சரியான எடை உள்ளவர். இந்தியர்களுக்கான வரம்பின்படி அவர் அதிக எடை உள்ளவர். ஒரே உடலுக்கு இரண்டு முடிவுகள் வருவதற்கான காரணம் இந்த எண்ணின் வரலாற்றில் உள்ளது.

தோற்றம்

இந்த வாய்ப்பாட்டை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே (1796–1874), வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது என்று 1830களில் கண்டறிந்தார். ஒரு மக்கள்தொகையின் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்பதே அவர் தேடிய விடை. தனி ஒருவரின் நோயைக் கண்டறிவது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

1972இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவரது குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து, இந்த வாய்ப்பாட்டிற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை, இந்தியாவும் இல்லை.

பசியை அளந்த எண்

இன்று உடற்பருமனோடு சேர்த்துப் பேசப்படும் இந்த எண், ஏழை நாடுகளில் பசியை அளக்கவும் பயன்பட்டது. 18.5க்குக் குறைவான குறியீட்டெண்ணை வளர்ந்தவர்களின் நாள்பட்ட ஆற்றல் குறைபாட்டின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று 1988இல் ஊட்டச்சத்து அறிஞர்கள் முன்மொழிந்தனர். தேசிய குடும்ப நல ஆய்வும் பெண்களின் மெலிவை இதைக் கொண்டே கணக்கிட்டது.

அதே ஆய்வு பின்னர் வேறொரு மாற்றத்தைக் காட்டியது. தமிழ்நாட்டில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட குறியீட்டெண் உள்ள பெண்கள் 2005–06இல் 20.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகளுக்குள் அளவு ஏறக்குறைய இரட்டித்தது.

இந்தியர்களுக்குத் தனி வரம்பு

ஒரே குறியீட்டெண் கொண்ட ஐரோப்பியரைவிட இந்தியரின் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பதை ஆய்வுகள் காட்டின. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யூட்கினும் தங்களையே இதற்குச் சான்றாக 2004இல் முன்வைத்தனர். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் எச்சரிக்கை அளவுகளாகச் சேர்த்தது. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 முதல் 24.9 வரை அதிக எடை என்றும், 25 முதல் உடற்பருமன் என்றும் வகுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதையும் வரம்பாக வைத்தனர்.

சென்னையில் 2005இல் வெளியான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறை ஒரு படி மேலே சென்றது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நீரிழிவு ஆகிய நான்கை மட்டுமே அது கேட்கிறது. எடை இயந்திரம் கூடத் தேவையில்லை. ஓர் அளவு நாடா போதும்.

ஓசூர், கிருஷ்ணகிரி

கேழ்வரகு விளையும் இந்த எல்லைப் பகுதியில் 1970களில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகள் வந்தன. வயல் வேலையிலிருந்து இயந்திரத்திற்கும் இரவுப் பணிக்கும் மாறும் உடலுக்கு உழைப்பின் அளவும் உண்ணும் நேரமும் மாறுகின்றன. வெளித்தோற்றத்தில் ஒல்லியாக இருக்கும் தொழிலாளிக்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரலாம். 25 என்ற பொது வரம்பை மட்டும் பார்த்தால் அவர் கணக்கில் வராமல் போவார்.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீடு தேடிச் சென்று பரிசோதனை செய்து மருந்து வழங்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. எடை அதிகரிப்பின் விளைவாக வரக்கூடிய நோய்கள் நகரங்களோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு கிராமத்தில் நடந்த அந்தத் தொடக்கமே சான்று.

வரம்புகளும் பயன்பாடும்

இந்த எண் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. பளு தூக்குபவருக்கு மிகையாகவும், தசை இழந்த முதியவருக்குக் குறைவாகவும் அபாயத்தைக் காட்டக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இந்த வரம்புகள் பொருந்தா. குழந்தைகளுக்கு வயதிற்கேற்ற தனி அட்டவணைகள் உள்ளன. தனி ஒருவரின் உடற்பருமனை இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று 2025இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்றும் பரிந்துரைத்தது.

எனவே 23ஐத் தாண்டிய எண்ணை நோயாகக் கருதத் தேவையில்லை. இடுப்பை அளந்து, இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான அறிவிப்பாக அதைக் கொள்வதே பொருத்தமாகும்.