இரவில் எடுத்த டிராகுலா



காட்டேரிக் கதைக்கு ஏற்ற வேளை இரவு என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. முழுவதும் இரவிலேயே படமாக்கப்பட்ட ஒரு காட்டேரிக் கதை அமெரிக்காவில் உண்டு. பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ் எழுத்தாளர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலே அதற்கு மூலம். அது இரவில் எடுக்கப்பட்டதற்குக் காரணம் கதையன்று. மொழியும் பணமுமே காரணம்.

ஊமைப்படக் காலத்தில் திரைப்பட முதலாளிகளுக்கு மொழி தடையாக இருக்கவில்லை. இடையிடையே தோன்றும் எழுத்துக்களை மாற்றிவிட்டால் ஒரே படம் உலகெங்கும் ஓடும். படம் பேசத் தொடங்கியதும் அந்த வசதி போயிற்று. ஒருவர் வாயசைவுக்கு மற்றொருவர் குரலைப் பொருத்தும் கலை அப்போது பக்குவம் பெறவில்லை. ஆகவே, அதே கதையை வேறு நடிகர்களைக் கொண்டு வேறு மொழியில் மீண்டும் எடுக்கும் வழக்கம் தோன்றியது.

1930-ஆம் ஆண்டின் இறுதியில் கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் இவ்வாறு இரண்டு டிராகுலாக்கள் உருவாயினர். பகலில் டாட் பிரௌனிங் இயக்க, ஹங்கேரியரான பேலா லுகோசி ஆங்கிலப் படத்தில் நடித்தார். மாலையில் அவர்கள் வீடு திரும்பியதும் ஸ்பானிய மொழிக் குழுவினர் உள்ளே நுழைவர். அதே கோட்டை, அதே படிக்கட்டு, அதே சிலந்தி வலை, விடியும்வரை வேலை. கார்லோஸ் வில்லாரியாஸ் டிராகுலாவாகவும், இருபதே வயதான மெக்சிக நங்கை லுபிட்டா தோவர் கதாநாயகியாகவும் நடித்தனர். இப்படத்தின் செலவு ஆங்கிலப் படத்தின் செலவில் கால் பங்குக்கும் குறைவு.

வசனத்தை ஸ்பானிய மொழியில் ஆக்கியவர் பெர்னாண்டஸ் கூவே. இயக்குநர் ஜார்ஜ் மெல்போர்டுக்கோ அம்மொழி தெரியாது. மொழி அறிந்தவர் துணையுடனேயே அவர் நடிகர்களை இயக்கினார். நடிகர்கள் ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா எனப் பல நாட்டவர். திருநெல்வேலிப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒரே வீட்டில் ஒலிப்பதுபோல் அவர்கள் உச்சரிப்பு கலந்து ஒலித்தது.

ஆயினும் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு நன்மை இருந்தது. பகலில் எடுத்த பகுதிகளைப் பார்த்து, அவற்றிலும் சிறப்பாகச் செய்ய அவர்கள் முயன்றனர். டிராகுலா முதன்முதலில் படிக்கட்டில் தோன்றும் காட்சியில் காமிரா தரையிலிருந்து மேலெழுந்து அவனை நோக்கிச் செல்கிறது. ஆங்கிலப் படத்தில் இந்த எழுச்சி இல்லை. ஸ்பானியப் படம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்டது; கதையின் தொடர்ச்சியும் அதில் தெளிவு. ஆனால் லுகோசியைப் பின்பற்றுமாறு பணிக்கப்பட்ட வில்லாரியாஸ் அவருக்கு ஈடாகவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் வியப்பில்லை. மூலத்தின் பொருளை உணர்ந்து செய்த இடங்கள் ஓங்கி நிற்கின்றன. மூலத்தின் முகபாவத்தை மட்டும் நகலெடுத்த இடங்கள் தளர்கின்றன.

இரு படங்களும் 1931-இல் வெளிவந்தன. லுகோசியின் படம் உலகப் புகழ் பெற்றது; மற்றது மறக்கப்பட்டது. அமெரிக்காவில் காப்பிலிருந்த பிரதியில் ஒரு சுருள் சிதைந்தே போயிற்று. ஸ்பானிய மொழி வழங்கும் கியூபாவின் திரைப்படக் காப்பகத்தில் வேறொரு பிரதி இருந்தது. அதன் உதவியால் குறை நிரப்பப்பட்டு, 1992-இல் படம் மீண்டும் முழுமையாக வெளிவந்தது. 2015-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. அந்த மதிப்பைக் காண லுபிட்டா தோவர் உயிருடன் இருந்தார். அடுத்த ஆண்டு, தமது 106-ஆவது வயதில் மறைந்தார்.

இதே 1931-ஆம் ஆண்டில்தான் நம் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதுவும் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டதன்று. பம்பாயில், ‘ஆலம் ஆரா’ என்ற ஹிந்திப் படத்திற்காக அமைத்த அரங்குகளில் எடுக்கப்பட்டது. நம் மொழி திரையில் முதன்முதல் பேசியதும் பிறர் வீட்டில்தான். ஆனால் காளிதாஸின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு கியூபா வாய்க்கவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் தமிழ்ச் சங்கங்களில் நாடகம் போடுகிறார்கள். பிறமொழிக் கதைகளைத் தமிழில் ஆக்கி நடிக்கிறார்கள். குறைந்த பொருளிலும் இரவல் மேடையிலும் நடப்பவை என்று அவற்றை எளிதாக எண்ண வேண்டாம். நடித்து முடிந்ததும் கைப்பிரதியையும் ஒலிப்பதிவையும் புகைப்படத்தையும் ஓரிடத்தில் பத்திரப்படுத்தி வையுங்கள். எந்தச் சுருள் எந்த ஊரில் தேவைப்படும் என்பதை இன்று யாரும் அறிய முடியாது.