சின்னக்கானல், மூணாறு மலைகளில் அரசியல் எதிர்ப்பு

மூணாறு–போடி மலைப்பாதையை ஒட்டிய சின்னக்கானல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களது எதிர்ப்புக் குரலைத் தேர்தலில் வென்று வந்த அரசுகள் எதிர்கொண்ட விதம், கட்சிக்குக் கட்சி அதிகம் மாறவில்லை.

தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரி, 1954 ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி கைதானார். அதே இணைப்புப் போராட்டத்தில், ஆகஸ்ட் 11 அன்று தென்திருவிதாங்கூரில் போலீசார் சுட்டதில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். அப்போதைய திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணு பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்றார். சொந்தக் கட்சி ஆட்சியிடம் இப்படிக் கேட்கும் துணிவு அன்றும் அரிது, இன்றும் அரிது. பட்டம் விலகவில்லை. 1956 மாநிலச் சீரமைப்பில் இரு தாலுகாக்களும் கேரளத்திலேயே நின்றன.

1958-இல் தோட்டத் தொழிலாளர் வாக்கோடு தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், அதே கட்சியின் இ.எம்.எஸ். ஆட்சியில், வேலைநிறுத்தம் செய்த மூணாறுத் தொழிலாளர்மீது போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர்.

2015 செப்டம்பரில் எழுந்தது வேறுவகை எதிர்ப்பு. கண்ணன் தேவன் தோட்டக் கம்பெனி போனஸை 10 விழுக்காடாகக் குறைத்ததும், பெண்கள் 20 விழுக்காடு கேட்டு மூணாறுச் சாலையை மறித்தனர். நாட்கூலி அப்போது 232 ரூபாய். நிர்வாகத்தோடு கைகோத்ததாகக் குற்றம்சாட்டி, எல்லாத் தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் அவர்கள் விரட்டினர்; ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்கவில்லை. சந்தாவும் வாக்கும் தந்தவர்களே பேச்சுவார்த்தையையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தொடங்கிய அமைப்புக்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர். ஒன்பது நாட்களில் உம்மன் சாண்டி அரசு முன்னின்று உடன்பாடு கண்டது: போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 விழுக்காடு. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயானது. துப்பாக்கி இல்லாமல் முடிந்த இதுவே இவ்வரலாற்றின் மேலான பகுதி.

2017 ஏப்ரல் 20 அன்று, சின்னக்கானல் பாப்பாத்திச்சோலையில் ஆக்கிரமிப்பு நிலத்தில் நட்ட சிலுவையைச் சப்-கலெக்டர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன் அகற்றினார். அவரைத் தாக்கிப் பேசிய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி, 2015 போராட்டத்தையும் இழுத்து, அப்பெண்களை இழிவாகப் பேசினார் என்று கண்டனம் எழுந்தது. பெம்பிளை ஒருமையின் கோமதி தலைமையில் பெண்கள் மூணாறில் உண்ணாவிரதம் இருந்தனர். போலீசார் அவர்களை வலுவில் அகற்ற முயன்றனர். மணி வருத்தம் தெரிவித்தார். அவர் பதவி விலகக் கோரிய போராட்டம் மே மாதம் முடிந்தது. அவர் 2021 வரை அமைச்சராக இருந்தார்.