இரும்பைக் கேட்காத காது

1

கருவி என்னுடையதல்ல. தெரிந்த தம்பி ஒருவர் வாங்கினது. "வாங்கோ அண்ணை, காசு பொறுக்கப் போவம்" என்று கூப்பிட்டார். கென்ற் மாவட்டத்தில் அறுவடை முடிந்து கட்டைகள் மட்டும் நின்ற ஒரு கோதுமை வயல். கமக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் காணிக்காரரைக் கேளாமல் இந்த வேலையில் இறங்க முடியாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி மெட்டல் டிடெக்டரைப் பாவிப்பதே குற்றம்.

தூக்கும்போது பாரமில்லைப் போலத்தான் இருந்தது. அரை மணித்தியாலம் போன பிறகு தோள்மூட்டு நோகத் தொடங்கியது. சுருளை நிலத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து, இடமும் வலமுமாக, புல்லுச் செதுக்குகிற மாதிரி அவசரமில்லாமல் வீசிக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் உயர்த்தினால் மண் ஊமையாகிவிடும். மண் என்றால் சும்மா கிடக்கிற பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டியதும் அது கதைக்கத் தொடங்கியது.

அது கதைப்பதன் இரகசியம் பெரிதொன்றுமில்லை. சுருளிலிருந்து மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தனக்கான சிறு காந்தப்புலமொன்றைத் திருப்பி அனுப்புகிறது. அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கணக்கிட்டு, என்ன உலோகமாக இருக்கலாமென்று கருவி ஊகிக்கிறது. ஊகத்தைத் திரையில் எண்ணாகவும் காதில் ஒலியாகவும் தருகிறது. இரும்புக்கு அடித்தொண்டை உறுமல். வெள்ளிக்கும் செம்புக்கும் கீச்சென்ற மணியொலி.

ஒரு உறுமல் கேட்டு நான் குனிந்தபோது தம்பி தடுத்தார்.

"உதைக் கிண்டாதேங்கோ அண்ணை. இரும்பு. குப்பை."

"எப்பிடித் தெரியும்?"

"மெசின் சொல்லுது. இருங்கோ, டிஸ்கிரிமினேஷனைப் போட்டு விடுறன். பிறகு இரும்புச் சத்தம் உங்களுக்குக் கேக்கவே கேக்காது."

டிஸ்கிரிமினேஷன். இந்த நாட்டில் வேலைத்தலத்திலும் தெருவிலும் எங்களுக்கு நடப்பதற்கு நாங்கள் பாவிக்கிற அதே சொல். பாகுபாடு. அந்தப் பொத்தானை அமத்தியதும் வயலின் முக்கால்வாசிக் குரல் நின்றுபோனது. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

2

மத்தியானத்துக்குள் அகப்பட்டவை: சோடா ரின்களின் இழுவளையங்கள் ஏழு, வேட்டைத் துவக்குத் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகங்கள் மூன்று, ஈயத்துண்டொன்று, ஒரு பித்தான், ஒரு காசு. இழுவளையமும் தங்க மோதிரமும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒரே எண்ணாகவே தெரியும் என்று தம்பி சொன்னார். வளையங்களை வெறுத்து அந்த எண்ணை அடைத்துவிட்டால் தங்கமும் சேர்ந்து போய்விடுமாம். ஆகவே அலுமினியக் குப்பைக்குப் பொறுமை உண்டு, அதன் பின்னால் தங்கம் ஒளிந்திருக்கலாம். இரும்புக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

காசு ஐந்தாம் ஜோர்ஜின் வெண்கலப் பென்னி. மண்ணைத் துடைத்ததும் மன்னனின் தலையைச் சுற்றி இலத்தீன் சுருக்கெழுத்துகள் தெரிந்தன. கடைசி இரண்டும் 'இண்ட். இம்ப்.' இந்தியாவின் பேரரசர் என்பதன் சுருக்கம். ஆங்கிலேயக் கூலிக்காரன் ஒருவனின் கிழிந்த பொக்கற்றிலிருந்து விழுந்திருக்கக்கூடிய பென்னியிலும் நாங்கள் சொத்தாகப் பதியப்பட்டிருந்தோம். அதே மன்னனின் சிலோன் சதக்காசிலும் 'அரசரும் இந்தியாவின் பேரரசரும்' என்றுதான் இருந்தது. 1948க்குப் பிறகு அடித்த பென்னிகளில் இந்தச் சொற்கள் இல்லை. ஒரு பேரரசு முடிந்ததைக் காசின் விளிம்பிலிருந்து இரண்டு சுருக்கெழுத்துகளைத் தட்டியெடுத்து அறிவித்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. காசு என்பது அரசு தன்னைப் பற்றி எழுதி, கைக்குக் கை போக விட்ட பிரதி. யார் ஆண்டான், எதுவரை ஆண்டான், எதைத் தன்னுடையது என்றான் எல்லாம் அதில் உண்டு. அதைச் சுமந்துகொண்டு திரிந்த கையைப் பற்றி மட்டும் ஒரு எழுத்தும் கிடையாது. காசைத் தேடுகிறவன் அரசனின் குரலைத் தேடுகிறான்.

3

இந்தக் கருவியின் பிறப்பிலேயே அதிகாரம் வந்து குந்தியிருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. அதைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல், காந்தத் தூண்டலை வைத்து ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறதென்று தலைமை மருத்துவர் நம்பினார், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். படுக்கையின் எஃகுச் சுருள்களும் சத்தத்தைக் குழப்பின. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. எங்கே கேட்கலாம் என்பதைக் கருவிக்கு முன்பே ஒருவர் தீர்மானித்திருந்தார்.

அடுத்த பெரிய கட்டம் யுத்தம். பிரித்தானியாவில் தஞ்சமடைந்திருந்த போலந்து இராணுவ அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, 1941-42இல், ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய மிதிவெடி தேடும் கருவியைச் செய்தார். எகிப்தின் எல் அலமெய்ன் பாலைவனத்தில் 1942இல் அது பாவிக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் இராணுவத்தின் மிச்சக் கருவிகள் சந்தைக்கு வந்தன. பிறகு எடை குறைந்து விலையும் குறைந்து, எழுபதுகளில் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காயிற்று. சாவைத் தேடச் செய்த கருவி காசைத் தேடப் பழகியது.

தொல்லியலாளர்கள் கொதித்தார்கள். 'எங்கள் கடந்தகாலத்தை எடுப்பதை நிறுத்து' என்று 1980இல் ஒரு இயக்கமே நடந்தது. கோபத்தில் நியாயம் இருந்தது. எண்பதுகளில் சரே மாவட்டத்தின் வான்பரோவில், ரோமானியக் கால வழிபாட்டிடம் ஒன்று காசுக்காக இரவோடிரவாகக் கிண்டிக் கொள்ளையடிக்கப்பட்டது. ஆனால் 'எங்கள்' என்ற அந்தச் சொல்லில் யார் யார் அடக்கம் என்ற கேள்வியும் உண்டு. கருவி பிடித்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்து வாசல் மிதியாதவர்கள். 2009இல் ஸ்ராஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டெடுத்தவர் அப்போது வேலையில்லாதிருந்தவர். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹொக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், கமக்காரச் சிநேகிதர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமானியக் காசுகள் 15,000 வரையில் கொண்ட புதையலில் இடறினார். கொஞ்சம் கிண்டியதும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார். அவர் நிறுத்தியதால்தான் புதையல் இருந்த மரப்பெட்டியின் தடயங்களையும், பொருட்கள் உள்ளே அடுக்கப்பட்டிருந்த விதத்தையும் தொல்லியலாளர்களால் பதிய முடிந்தது. சுத்தியலும் பிறகு கிடைத்தது. அது இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு இரும்புச் சுத்தியலைத் தேடிய காதுக்குத்தான் அந்தத் தங்கம் கேட்டது என்பதை நான் தற்செயல் என்று தள்ளமாட்டேன்.

1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. சாதாரண ஆட்கள் கண்டெடுப்பவற்றைப் பதியும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. இன்று அதில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன. நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் எதைப் புதையல் என்கிறது? முதலில் தங்கத்தையும் வெள்ளியையும். 2023இல் வரலாற்று முக்கியத்துவம் என்ற புதிய அளவுகோலைச் சேர்த்தார்கள். அப்போதும் பொருளில் கொஞ்சமாவது உலோகம் இருக்க வேண்டும் என்றார்கள். இதே அரசு 1878இல் இந்தியாவுக்கு எழுதிய புதையல் சட்டமோ, 10 ரூபாய்க்கு மேல் பெறுமதியானதை மட்டும் கலெக்டருக்கு அறிவிக்கச் சொன்னது.

இதைக் கீழடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. தன் பாத்திரத்தில் தன் பெயரைத் தானே கீறிக்கொண்ட மனிதர்கள். அந்த ஓட்டுக்கு 10 ரூபாய் யார் கொடுத்திருப்பார்? அதன் மேலால் நூறுதரம் கருவியை வீசினாலும் ஒரு முனகலும் வராது. காசு வேட்டைக்காரன் பானையை உடைத்துக்கொண்டு போய்க் காசை எடுப்பான்.

4

பின்னேரம் நான் தம்பியிடம் கருவியை வாங்கி, அந்தப் பாகுபாட்டை நிற்பாட்டிவிட்டு நடந்தேன். "விசரா அண்ணை உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வயல் முழுக்க உறுமியது. காது வலித்தது. பத்து அடிக்கு ஒருதரம் குந்தினேன். ஆணிகள். கையால் அடித்த, நாலு பக்கமுள்ள ஆணிகள். பாதி லாடம். சங்கிலிக் கண்ணி. அரிவாளாகவும் இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லத்தக்க ஒரு வளைந்த தகடு, கையில் எடுக்கும்போதே துருவாய் உதிர்ந்தது.

கென்ற்தான் 1830இல் கூலி விவசாயிகளின் கிளர்ச்சி தொடங்கிய மாவட்டம். ஓகஸ்ட் கடைசியில், கன்ரபரிக்குக் கிட்டவுள்ள லோவர் ஹார்ட்ரெஸில் முதலாவது சூடடிக்கும் இயந்திரத்தை உடைத்தார்கள். மாரிகாலத்தில் கையால் சூடடித்துக் கிடைத்த கூலியை அந்த இயந்திரம் தின்றது. 'கப்டன் ஸ்விங்' என்ற, உண்மையில் இல்லாத ஒரு தலைவனின் பெயரில் பண்ணையாருக்குக் கடிதங்கள் போயின. கிளர்ச்சி தெற்கு முழுவதும் பரவி அடக்கப்பட்டபோது 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். என் கையில் உதிர்ந்த தகடு அவர்களில் ஒருவனுடையது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் வேறொரு புதையல் வேட்டைக்காரன். நான் சொல்வது இவ்வளவுதான்: அவர்கள் இந்த மண்ணில் எதையாவது விட்டுச் சென்றிருந்தால் அது இரும்பாகத்தான் இருக்கும். கருவி செய்தவன் அதைக் குப்பை என்று ஏற்கெனவே வகுத்து, ஒரு பொத்தானில் வைத்து விற்கிறான்.

இதில் ஆங்கிலேயனைக் குறை சொல்லி நாங்கள் தப்ப முடியாது. எங்கள் வரலாற்றெழுத்தும் கனக்கக் காசு வேட்டைதான். எந்த அரசனின் காசு எந்த ஊரில் எடுபட்டது என்பதை வைத்து இந்த மண் யாருடையது என்று தீர்ப்பெழுதுகிறோம். சிங்களத் தேசியவாதியும் அதைத்தான் செய்கிறார், தமிழ்த் தேசியவாதியும் அதைத்தான் செய்கிறார். 'சேது' பொறித்த யாழ்ப்பாண அரசின் காசு எங்களுக்கு மணியொலியாகக் கேட்கிறது. அந்த அரசில் வயலில் நின்றவன், சீவல் தொழில் செய்தவன், குடிமை செய்ய வைக்கப்பட்டவன் எல்லோரும் உறுமல்கள். பொத்தானை அமத்திவிட்டு மேலே நடக்கிறோம். தமிழகத்தில் 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அரசு அறிக்கை வெளிவந்தபோது இரும்புக்கும் மணியொலி வந்தது. ஆனால் கேட்கப்பட்டது 'எத்தனை ஆயிரம் ஆண்டு' என்பது மட்டும். உலையில் நின்று வெந்தவன் யார் என்ற கேள்வி எழும்பவேயில்லை.

5

இந்தக் கருவியைப் பாகுபாடு இல்லாமல் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முகமாலையில். பல ஆண்டுகள் யுத்தத்தின் முன்னரங்காக இருந்த மண் அது. மிதிவெடி அகற்றும் வேலையில் அங்கே பெண்கள் பலர் நின்றிருக்கிறார்கள், யுத்தத்தில் புருசனை இழந்தவர்களும் அதில் அடக்கம். அவர்களுடைய கருவியில் குப்பை என்று ஒன்று கிடையாது. மிதிவெடிகள் பல பிளாஸ்ரிக், உள்ளே ஊசியளவு உலோகம்தான். ஆகவே ஒவ்வொரு சத்தமும் வெடிதான், அது ஆணி என்று கண்ணால் காணும்வரை. சோடா மூடிக்கும் முழந்தாளிட வேண்டும். சன்னத்துண்டுக்கும் முழந்தாளிட வேண்டும். சத்தத்தை நம்ப முடியாத இடத்தில் கருவியை வைத்துவிட்டு, வாரியால் மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாக வாரியெடுக்கிறார்கள். ஒரு நாளில் முன்னேறுவது சில சதுர மீற்றர்.

ஒரே கருவி, இரண்டு விதமான கேட்டல். ஒன்று, வேண்டாததை முதலே அடைத்துவிட்டு விருப்பமானதைத் தேடுகிறது. மற்றது, எதையும் தள்ளுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று தொடங்குகிறது. முன்னதில் தவறவிட்டால் ஒரு காசு போகும். பின்னதில் தவறவிட்டால் ஒரு பிள்ளையின் கால்.

அந்தக் கேட்டலுக்கும் எல்லை உண்டு. செம்மணியில் புதைகுழிகள் இருப்பதாக 1998இல் ஒரு இராணுவத்தினன் நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பிறகு நீண்ட மௌனம். 2025இல் செம்மணி மயானத்தில் கிண்டியபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, ஒரு பள்ளிக்கூடப் பையோடும் விளையாட்டுப் பொம்மையோடும். எலும்புக்குக் காந்தப்புலம் கிடையாது. அதற்கு ஆட்கள் வேண்டும். இங்கே என் பிள்ளை காணாமல் போனான் என்று வருசக்கணக்காகத் தெருவில் குந்தியிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற தாய்மார் வேண்டும்.

திரும்பும்போது கிண்டிய குழிகளையெல்லாம் மூடிப் புல்லை மிதித்து அமத்திவிட்டு வந்தோம். அதுதான் இங்கே ஒழுங்கு. பென்னியைத் தம்பி என்னிடமே தந்துவிட்டார், பெறுமதி ஒன்றுமில்லையாம். ஆணிகளை ஒரு ரின்னில் போட்டுக் கொண்டுவந்தேன். "உதுகளை என்ன செய்யப் போறியள் அண்ணை?" என்று காருக்குள் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எங்கே, எந்த ஆழத்தில் எடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பென்னிக்கும் எழுதினேன், ஆணிகளுக்குப் பிறகு.