சளி, இருமலா? குழந்தைகளுக்கு சிரப் கொடுக்கலாமா? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

"குழந்தைக்கு சளி, இருமல்... ஏதாவது ஒரு சிரப் கொடுங்க." மழை, பனிக்காலம் வந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மெடிக்கல் ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ஆனால் அந்த சிரப் உண்மையிலேயே தேவையா?

கோல்ட்ரிஃப் விவகாரம் என்ன?

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தில் தயாரானது.

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய சோதனையில், எஸ்ஆர்-13 என்ற பேட்ச் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு வெறும் 0.1 சதவீதம்தான். உடனே மருந்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அக்டோபரில் நிறுவனத்தின் உரிமமும் ரத்தானது.

சிரப் கொடுக்கலாமா?

2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது; 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

காரணம் எளிமையானது. சாதாரண சளி வைரஸால் வருவது, தானாகவே சரியாகும். மூக்குச் சளி தொண்டைக்கு இறங்குவதால் இருமல் வருகிறது. அந்தச் சளியை வெளியேற்றும் உடலின் வேலைதான் இருமல். சளி நின்ற பிறகும் இருமல் 2, 3 வாரம் நீடிக்கலாம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 1 வயதைத் தாண்டிய குழந்தைக்கு, தூங்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வர வாய்ப்புண்டு.
* வெதுவெதுப்பான தண்ணீர், ரசம், கஞ்சி அடிக்கடி கொடுங்க. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும்.
* மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து உதவும்.
* பெரியவர்கள் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம், சுக்குக் காபி குடிக்கலாம்.
* குழந்தைக்குக் கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்க வேண்டாம். வெந்நீர் கொட்டி காயம் ஏற்படும்.
* வீட்டுக்குள் பீடி, சிகரெட், கொசுவர்த்தி புகை வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்க. 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம்.

மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, பால் குடிக்காதது, வலிப்பு ஆகியவை அவசர அறிகுறிகள். சிரப் குடித்த பின் வாந்தி வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மருந்து பாட்டிலோடு உடனே கிளம்புங்க. இந்தப் பகுதி மக்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

பெரியவர்களுக்கு 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

மருந்து வாங்கும்போது

டாக்டர் சீட்டு இல்லாமல் சிரப் வாங்காதீங்க. பேட்ச் எண், காலாவதி தேதி பார்த்து பில் வாங்குங்க. போன முறை மிச்சமான பாட்டிலையோ, அண்ணனுக்கு எழுதிய மருந்தையோ தம்பிக்குக் கொடுக்க வேண்டாம்.