பிவிண்டி: காட்டுப் பாதுகாப்பும் கொரில்லாச் சுற்றுலாவும் எழுப்பிய சமூகப் பிணக்குகள்

உகாண்டாவின் தென்மேற்கில், காங்கோ எல்லையை ஒட்டி அமைந்துள்ள பிவிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 321 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைக்காடாகும். உலகில் எஞ்சியுள்ள மலைக் கொரில்லாக்களில் கிட்டத்தட்ட பாதி இங்கு வாழ்கின்றன. 1994இல் யுனெஸ்கோ இக்காட்டை உலக மரபுரிமைக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. இயற்கைக்கு ஊறின்றியும் உள்ளூர் மக்களுக்கு வருவாய் தரும் வகையிலும் நடத்தப்பட வேண்டிய சுற்றுலா, சூழல் சுற்றுலா எனப்படும். உழவு நிலம் காட்டின் விளிம்புவரை நெருங்கிவிட்ட பிவிண்டியில், பாதுகாப்பின் இழப்பைத் தாங்குவோர் ஒரு சாராராகவும் சுற்றுலாவின் ஆதாயத்தைப் பெறுவோர் வேறொரு சாராராகவும் இருப்பதே பிணக்குகளின் வேராகும்.

பூங்கா உருவாக்கமும் வெளியேற்றமும்

1932இல் காலனிய அரசு இக்காட்டின் பகுதிகளைக் காப்புக்காடுகளாக அறிவித்த பின்னரும் மரம் அறுத்தல், பொன் அரித்தல், வேட்டை, தேன் எடுப்பு ஆகியவை தொடர்ந்தன. 1991இல் தேசியப் பூங்கா அமைந்தபோது இவை யாவும் தடைசெய்யப்பட்டமையால், சுற்றுவட்டார பாகிகா உழவர்கள் வனக் காவலர்களைப் பகைத்தனர். காட்டுக்குள் வேண்டுமென்றே தீ வைத்த நிகழ்வுகளும் உண்டு. வேட்டையாடியும் காட்டு விளைபொருள் திரட்டியும் வாழ்ந்த பத்வா மக்களின் இழப்பு இதனினும் பெரிது. பயிரிட்ட நிலமே உடைமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டதால், உழவு செய்யாத அவர்கள் இழப்பீடும் மாற்று நிலமும் இன்றி வெளியேறிப் பிறர் நிலங்களில் கூலிகளாகத் தங்க நேர்ந்தது.

வருவாய்ப் பகிர்வு

பகையைத் தணிக்கும் முயற்சியாக, 1990களில் பூங்காவின் சில பகுதிகளில் தேனீப் பெட்டி வைக்கவும் மூலிகையும் கூடை முடையும் கொடிகளும் எடுக்கவும் ஊர்களுடன் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. வேட்டைக்கு இசைவு தரப்படவில்லை. 1993இல் கொரில்லாச் சுற்றுலா தொடங்கியது. மனிதருக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரமே காணலாம் என்பது விதி. 1996ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டைச் சுற்றுப்புற மக்களுக்கு ஒதுக்கியது. ஆயினும் பெரும்பணம் நுழைவுக் கட்டணத்தில் அன்றி கொரில்லாவைக் காணும் அனுமதிச் சீட்டிலேயே உள்ளது. அயல்நாட்டவருக்கு 2024 முதல் 800 டாலராக உள்ள அச்சீட்டிலிருந்து ஊர்களுக்குச் சேரும் தனித் தீர்வை, 10 டாலர் அளவிலேயே அமைந்தது.

பகிரப்படும் தொகை பெரும்பாலும் பள்ளி, சாலை, மருந்தகம் போன்ற பொதுப்பணிகளாக வந்து சேர்கிறது. யானையும் பபூன் குரங்கும் பயிரை அழிப்பதும், பழக்கப்பட்ட கொரில்லாக்கள் வாழைத் தோட்டத்துக்குள் புகுவதும் தனிக் குடும்பத்தின் இழப்பாகவே நிற்கின்றன. வழிகாட்டி, சுமைதூக்கி, விடுதிப் பணியாளர் ஆகிய வேலைகளோ சுற்றுலா வாயில்களுக்கு அண்மையில் உள்ளோருக்கும் ஆங்கிலம் அறிந்தோருக்கும் எளிதில் கிடைக்கின்றன. 2020இல் பெருந்தொற்றால் சுற்றுலா நின்ற காலத்தில், புகழ்பெற்ற ஆண் கொரில்லாவான ரஃபிகி வேட்டைக்காரர் ஒருவரால் கொல்லப்பட்டது. அவருக்கு 11 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பத்வாக்களின் உரிமை வழக்கு

கொரில்லாக்களின் எண்ணிக்கை பெருகிய வகையில் பிவிண்டி ஒரு வெற்றியே. 2018இல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு இவ்வட்டாரத்தில் 459 கொரில்லாக்களைக் கண்டறிந்தது. அதே காலத்தில் பத்வாக்களுக்கு வாய்த்த சுற்றுலாப் பங்கு, தடைசெய்யப்பட்ட தம் பழைய வாழ்க்கையையே பயணிகளுக்கு நடித்துக் காட்டும் பண்பாட்டுக் காட்சியாகப் பெரிதும் சுருங்கியது. 2013இல் அவர்கள் தொடுத்த வழக்கில், இழப்பீடின்றி வெளியேற்றப்பட்டு நிலமற்றோராக்கப்பட்டதை 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்று, அவர்களுக்குரிய நிவாரணத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை உயர் நீதிமன்றத்திடம் விட்டது.