விலைபோகும் புன்னகை

உழைப்பை விற்பவன் உள்ளத்தையும் விற்க நேருமா?

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே கார்ல் மார்க்ஸ் ஓர் ஆங்கிலச் சிறுவனைக் காட்டுகிறார். வயது ஏழு. சுவர்க்கடதாசித் தொழிற்சாலையிலே நாளொன்றுக்கு 16 மணித்தியாலம் வேலை. இயந்திரத்தை விட்டு அவன் அகல முடியாது. ஆகவே பெற்றவர் அருகே முழந்தாளிட்டு உணவூட்டினார். முதலாளி வாங்கியது பிள்ளையின் கைகளை. பெற்றவரின் பரிவுக்கு எவரும் விலை பேசவில்லை.

1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் உணர்ச்சிகளின் விற்பனை பற்றிய தமது நூலை அதே சிறுவனிலிருந்துதான் தொடங்கினார். அவர் ஆராய்ந்தது டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை. விமானத்தைத் தமது வீட்டு வரவேற்பறையாக எண்ணும்படி அவர்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. சீறும் பயணியைக் குழந்தையாகப் பாவிக்க வேண்டும். கோபம் முகத்தில் மட்டுமன்றி மனத்திலும் எழலாகாது. இதனை அவர் 'உணர்ச்சி உழைப்பு' என்றார்.

வீட்டிலே விளைந்த பரிவு இவ்வாறு சம்பளத்துக்குரிய சரக்காயிற்று. வேலை முடிந்த பின்னரும் அந்தச் சிரிப்பை இறக்கிவைக்கச் சிலரால் இயலவில்லை. 1989இல் வெளிவந்த அவரது மற்றொரு நூல், உழைத்துத் திரும்பும் மனைவியருக்கு வீட்டிலே இரண்டாவது வேலைநேரம் காத்திருப்பதைக் காட்டிற்று. அங்கும் பொறுமை காக்க வேண்டியவள் பெரும்பாலும் அவளே.

கடையிலும் வங்கியிலும் நமக்காகச் சிரிப்பவள் வீட்டிலே வாடியிருந்தால், குறை கூறுமுன் சற்று எண்ணிப் பார்ப்போம். அன்று பிள்ளைக்காக முழந்தாளிட்ட பரிவுக்கு எசமான் இருக்கவில்லை. அத்தகைய பரிவை அவள்பால் காட்ட இன்று வீட்டில் யார் இருக்கிறார்?